கண்ணாடியைக் காக்கப் பிறந்த வடிவம்

1930 வாக்கில் கைக்கடிகாரத்தின் பலவீனமான இடம் அதன் முகக் கண்ணாடி. கண்ணாடி அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் எப்போதும் இருக்கும். அடி விழுந்ததும் ஒரு கீறலின் முனையில் விசை குவிந்து விரிசல் ஓடிவிடும். எஃகு அப்படியல்ல, அடிபட்ட இடத்தில் நசுங்கி, அடியின் ஆற்றலை உள்வாங்கிக்கொள்ளும். இந்த வேறுபாடு இந்தியாவின் போலோ மைதானங்களில் அன்றாடம் தெரிந்தது. மணிப்பூரின் சகோல் காங்ஜெய் ஆட்டத்தைப் பார்த்துக் கற்ற பிரிட்டிஷ்காரர்கள் 1859இல் சில்சாரில் சங்கம் அமைத்தார்கள். பிறகு ராணுவ முகாம்களெங்கும் போலோ பரவியது. குதிரையின் பாய்ச்சல், சுழலும் மட்டை, மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டும் பந்து எல்லாம் சேர்ந்தால் கண்ணாடி தப்பாது. இன்று ஆடம்பரப் பொருளாக விற்கும் ‘ரிவர்சோ’ வாட்சின் வடிவத்தில் பெரும்பகுதி இந்த உடைப்பிலிருந்தே வந்தது என்பது என் வாதம்.

சேசர் த ட்ரே என்ற சுவிஸ் வணிகர் இந்தியா வந்திருந்தபோது, ஆட்டத்தில் உடைந்த வாட்சைக் காட்டிய ஓர் அதிகாரி, இதைத் தாங்கும் வாட்சைச் செய்ய முடியுமா என்று கேட்டாராம். த ட்ரே இந்தக் கேள்வியை வாட்ச் தயாரிப்பாளர் ஜாக்-டேவிட் லெகூல்ட்டிடம் கொண்டுபோக, பாரிஸில் இருந்த ஜேகர் நிறுவனம் வழியாக அது ரெனே-ஆல்ஃபிரட் ஷோவோ என்ற வடிவமைப்பாளரிடம் சேர்ந்தது. 1931 மார்ச் 4இல் பாரிஸில் பதிவான அவருடைய காப்புரிமை விண்ணப்பம் கேட்பது ஒன்றுதான்: தன் தாங்கிக்குள் நகர்ந்து முழுவதுமாகப் புரளக்கூடிய கடிகாரம். கேஸைப் பக்கவாட்டில் தள்ளினால் அது அடித்தகட்டின் பள்ளங்களில் வழுக்கி ஓரத்துக்கு வரும். அங்கே முனைகளில் உள்ள ஊசிகளைப் பிடித்துத் தலைகீழாகத் திரும்பும். பின் மறுபடி வழுக்கி, ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்ளும். இப்போது வெளியே தெரிவது எஃகு முதுகு. கண்ணாடி கீழ்ப்பக்கம் பத்திரமாக இருக்கிறது. பள்ளத்தில் வழுக்க வேண்டுமானால் இரு ஓரங்களும் இணையாக இருந்தாக வேண்டும். வட்டமான கேஸுக்கு அது வாய்க்காது. ரிவர்சோவின் செவ்வகம் பார்க்க அழகானதுதான், ஆனால் பொறியமைப்பே அதைக் கட்டாயமாக்கியது. அதற்கு நீளவாட்டான இயந்திரமும் தேவைப்பட்டது. லெகூல்ட்டிடம் பொருத்தமானது இல்லாததால் முதலில் தவான் என்ற தயாரிப்பாளரிடமிருந்து வாங்கினார்கள். சொந்த இயந்திரம் 1933இல்தான் வந்தது. மேலும் கீழும் ஓடும் மூன்று மூன்று வரிகளுக்கு இயந்திரத் தேவை எதுவும் இல்லை, அவை அக்கால ஆர்ட் டெக்கோ ரசனை. அதை நான் மறுக்கவில்லை.

போலோ கதையே ரிவர்சோவை விற்கும் நிறுவனம் சொல்லி வளர்த்த கதை ஆயிற்றே என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த உரையாடலை நான் சான்றாகக் கொள்ளவில்லை. காப்புரிமையையும் அந்தக் காலத்தின் பிற வாட்சுகளையும் வைத்தே பேசுகிறேன். முதல் உலகப் போரில் பதுங்குகுழி வீரர்கள் வாட்சின் முகத்தில் உலோகக் கம்பிவலை மாட்டிக்கொண்டார்கள். அதற்கு முன்பே சட்டைப்பை கடிகாரங்களுக்கு மூடி உண்டு. வலை முள்ளை மறைத்தது. மூடியைத் திறக்காமல் நேரம் தெரியாது. கண்ணாடியைக் காப்பது பலரும் முட்டி மோதிய பழைய சிக்கல். அதற்கு ஷோவோ தந்த விடையில் வலையும் இல்லை, தனி மூடியும் இல்லை.

வாட்சை உள்மணிக்கட்டில் திருப்பிக் கட்டினால் போதாதா? நெல் வயலில் வேலை செய்கிறவருக்கு அது போதும். ஆனால் போலோவில் இடக்கை கடிவாளத்தையும் வலக்கை மட்டையையும் பிடித்தே இருக்கும். மணிக்கட்டு ஓயாமல் வளையும் இடத்தில் தடித்த உலோகம் நரம்பை அழுத்தும், கண்ணாடியும் சேணத்தில் உரசும். உடையாத கண்ணாடி? செயற்கை ரத்தினம் செய்யும் முறையை வெர்னூய் 1902இலேயே அறிவித்திருந்தாலும் நீலக்கல் கண்ணாடி பரவலாகப் பல பத்தாண்டுகள் ஆயின. அக்ரிலிக் தகடு 1930களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது. அன்று கைவசம் இருந்தது நல்ல எஃகு: 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கலந்தது, நம் வீட்டு எவர்சில்வரின் உறவு.

ஒரு குறையை மறைக்கக் கூடாது. கேஸைப் புரட்டுவதால், உள்ளே வாட்சின் ஓட்டத்தைச் சீராக்கும் பேலன்ஸ் வீலுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. அதன் அச்சு முனை தலைமுடியளவே தடிமன். அதிர்ச்சியில் உள்ளே முதலில் ஒடிவது அதுதான். அந்த முனையைத் தாங்கும் கல்லை ஸ்பிரிங்கின் மேல் மிதக்கவிட்டு அதிர்ச்சியை வாங்கும் இன்கப்ளாக் அமைப்பு, ரிவர்சோவுக்குப் பிறகே 1930களில் வந்தது. ஆகவே ரிவர்சோ போலோவைத் தாங்கும் வாட்ச் என்பது பாதி உண்மை. கண்ணாடியைத் தாங்கச் செய்தது என்றால் முழு உண்மை.

அக்ரிலிக்கும் இன்கப்ளாக்கும் பரவிய பிறகு புரட்டும் கேஸுக்கு வேலை இல்லாமல் போனது, உற்பத்தி நின்றது. 1972இல் இத்தாலிய விற்பனையாளர் ஜார்ஜியோ கொர்வோ, தொழிற்சாலையில் தேங்கிக் கிடந்த சுமார் 200 வெற்றுக் கேஸ்களை வாங்கி, இயந்திரம் பொருத்தி விற்றுக் காட்டிய பிறகுதான் அதற்கு மறுவாழ்வு. 1985இல் நீர் புகாதபடி கேஸைத் திருத்தி அமைத்தார்கள். தேவை போன பின் எஞ்சியது வெறும் நாகரிகம்தானே என்பதே எனக்குத் தோன்றும் மிகக் கடினமான ஆட்சேபம். பெயரும் சின்னமும் பொறிக்கும் பலகையாக முதுகு மாறியதைப் பார்த்தால் அது சரி என்றே தோன்றும். ஆனால் 1994இல் வந்த ‘டுவோஃபேஸ்’ அந்த முதுகிலும் ஒரு டயலை வைத்தது. ஒரே இயந்திரம் இரு பக்கமும் முட்களை ஓட்டுகிறது. ஒரு பக்கம் நாம் இருக்கும் ஊரின் நேரம், மறுபக்கம் இன்னோர் ஊரின் நேரம். கண்ணாடியை ஒளிக்க வெட்டிய பள்ளங்களில்தான் அந்த இரண்டாம் டயலும் இன்று புரள்கிறது.