முன்னரே இட்ட ஏவல்

திருக்காட்டுப்பள்ளி, தஞ்சை மாவட்டத்தில் காவிரிக்கரையில் அமைந்த ஊர். குடமுருட்டி ஆறு காவிரியினின்றும் பிரிவது இவ்வூரின் அருகிலேயாகும். ஆற்றுவளம் மிக்க நாடேயாயினும், காவிரியில் நீர் வாராத மாதங்களில் இப்பகுதி உழவர் நிலத்தடி நீரை மின்மோட்டாரால் இறைத்துப் பயிரிடுவர். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வருமாயின், கைவிளக்கேந்தி வரப்பின்மேல் நடந்து சென்று மோட்டாரை இயக்குதல் வேண்டும். இருளும் சேறும் பாம்பின் அச்சமுமே அவ்வேளையில் வழித்துணை.

இவ்வல்லலைப் போக்கச் சிலர் 'ஆட்டோ ஸ்டார்ட்டர்' என்னும் கருவியைப் பொருத்தினர். மின்சாரம் வந்தவுடன் அது மோட்டாரைத் தானே இயக்கும். ஆயின், வயல் நிறைந்துள்ளதா என்பதை அஃது அறியாது. உழவர் உறங்க, நீர் வீணே ஓடும். பின்னர்க் கைபேசியால் இயங்கும் கருவி வந்தது. சிம் அட்டை பொருத்திய பெட்டியொன்று மோட்டாரின் அருகில் இருக்கும். உழவர் வீட்டிலிருந்தே மோட்டாரை இயக்கலாம், நிறுத்தலாம், 'இரண்டு மணி நேரம் ஓடி நிற்க' என முன்னரே பணித்தும் வைக்கலாம். கிணறு வற்றினும், மின்முனைகளுள் ஒன்று குறையினும், மோட்டாரைத் தானே நிறுத்திச் செய்தி அனுப்பும் வகைகளும் உள. தமிழ்நாட்டு வேளாண்மைப் பொறியியல் துறை இத்தகைய கருவிகளை மானியத்தில் வழங்கும் திட்டத்தைச் செயற்படுத்தியுள்ளது.

மாணவர்களே, இக்கருவியின் உட்பொருள் யாது? ஒரு நிபந்தனையும் அதனைத் தொடரும் ஒரு செயலுமே. தொல்காப்பியமும் நன்னூலும் 'செயின்' என்னும் வாய்பாட்டை வினையெச்சங்களுள் ஒன்றாகக் கூறும். 'கிணறு வற்றின் மோட்டார் நிற்க' என்னும் தொடரில் 'வற்றின்' என்பது அவ்வெச்சம். 'நிற்க' என்பது வியங்கோள். தானியக்கம் முழுதும் இவ்விரண்டனுள் அடங்கும்.

நம் கைபேசிக்கும் இவ்வாறு ஏவல் எழுதி வைக்கலாம். ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு 2010ஆம் ஆண்டில் 'டாஸ்கர்' என்னும் செயலி வெளிவந்தது. 'ஒர்க்ஃப்ளோ' என்னும் செயலியை 2017ஆம் ஆண்டில் வாங்கிய ஆப்பிள் நிறுவனம், 2018ஆம் ஆண்டில் அதனை 'ஷார்ட்கட்ஸ்' என்னும் பெயரால் வெளியிட்டது. இவற்றிற்குக் கணினிமொழி கற்க வேண்டுவதில்லை. கட்டளைகளை மணி கோப்பது போல வரிசையாகக் கோத்தால் போதும். 'இரவு 10 மணியாயின் ஒலி அடங்குக, திரை மங்குக, காலை 5 மணிக்கு மணியடிக்க' என எழுதிவிடின், நாள்தோறும் அது தவறாது நிகழும். நூலகத்தை அடையின் ஒலி தானே அடங்கவும் செய்யலாம்.

ஆயினும் வரிசை பிறழலாகாது. ஒலியை அடக்கிவிட்டுப் பாட்டை இயக்கச் சொன்னால், பாட்டு ஓடும்; காதில் விழாது. 'எள் என்றால் எண்ணெயாய் நிற்பான்' என்று குறிப்பறியும் ஏவலாளனைப் புகழ்வர். கைபேசியோ எள் என்றால் எள்ளோடே நிற்கும். நாம் கருதியதை அன்று, கூறியதையே அது செய்யும்.

இன்னொன்றும் எண்ணுதற்குரியது. வெளியூரில் பயிலும் மாணவன் ஒருவன், 'விடுதியை அடையின், நலமாக வந்து சேர்ந்தேன் என அன்னைக்குச் செய்தி அனுப்புக' என்று பணித்து வைக்கிறான் எனக் கொள்வோம். விடுதியை அடைந்தது கைபேசி என்பதொன்றே அதற்குத் தெரியும். அவன் வழியில் நோயுற்றிருக்க, நண்பன் அதனை எடுத்துச் சென்றாலும் அச்செய்தி சென்று சேரும். அன்னையும் கவலையின்றி உறங்குவாள். அங்கே சொல் உண்டு, சொல்வோன் இல்லை.

ஆதலின், நாள்தோறும் மாறாது வரும் செயல்களைக் கருவியிடம் ஒப்படைப்போம். அன்பால் செய்வனவற்றையும் ஆராய்ந்து செய்வனவற்றையும் நம்மிடமே வைத்துக்கொள்வோம். மோட்டாரைக் கைபேசி நிறுத்தலாம். பயிரின் வாட்டத்தை அறிய உழவரே வயலுக்குச் செல்லுதல் வேண்டும்.