பாட்டனாரின் பாட்டனாரைக் கண்டறிவது எப்படி?

அரசர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் கூறுகின்றன. ஏர் பிடித்து வாழ்ந்து மறைந்த ஓர் உழவரின் வரலாற்றை எது கூறும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழவேற்காடு ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் எழுதப் படிக்க அறியாதவராக இருந்திருக்கலாம். அவருக்கு நிழற்படமும் இராது, நடுகல்லும் இராது. ஆயினும் அவரைக் கண்டறிய வழி உண்டு. ஒரு பொருளின் இயக்கத்தை ஆராயக் காலமும் இடமும் தெரிய வேண்டும் என்று இயற்பியலில் படிக்கிறோம். இங்கும் அதே முறைதான்.

காலத்தை அறிதல்

நம் முதியோர் பழைய நிகழ்ச்சிகளை ஆங்கில ஆண்டால் குறிப்பதில்லை. "எங்கள் பாட்டனாருக்குத் தாது வருஷப் பஞ்சத்தில் பத்து வயது" என்று ஒரு மூதாட்டி கூறுவதாகக் கொள்வோம். இச்சிறு வாக்கியத்தில் ஒரு கடிகாரமே அடங்கியுள்ளது.

பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுப் பெயர்கள் உள்ளன. வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர 11.86 ஆண்டுகள் ஆகின்றன. இதை ஏறத்தாழ 12 எனக் கொண்டால் ஐந்து சுற்றுகளுக்கு அறுபது ஆண்டுகள். சனிக்கு 29.46 ஆண்டுகள், இரண்டு சுற்றுகளுக்கு ஏறத்தாழ 59. ஆகவே ஏறக்குறைய அறுபது ஆண்டுகளில் இவ்விரு கோள்களும் வானில் பழைய இடங்களை நெருங்கிவிடுகின்றன.

1867 ஏப்ரலில் பிரபவ ஆண்டு பிறந்தது. வரிசையில் தாது பத்தாவது. 1867உடன் 9ஐக் கூட்டினால் 1876. ஆண்டு சித்திரையில் பிறப்பதால், தாது என்பது 1876 ஏப்ரல் முதல் 1877 ஏப்ரல் வரை. சென்னை மாகாணத்தை 1876-78இல் வாட்டிய பெரும் பஞ்சத்தையே மக்கள் இப்பெயரால் நினைவில் வைத்துள்ளனர். எனவே அச்சிறுவன் 1866ஐ ஒட்டிப் பிறந்தவன்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. தாது 1936இலும் 1996இலும் திரும்ப வந்தது. எந்தத் தாது என்பதைத் தலைமுறைகளை எண்ணித்தான் முடிவு செய்யவேண்டும். மேலும், எந்த அளவுகோலுக்கும் பிழை இருப்பதுபோல் நினைவுக்கும் உண்டு. 'பத்து வயது' என்பதில் முன்பின் மூன்று ஆண்டுகள் விட்டு, 1863க்கும் 1869க்கும் இடையில் எனக் குறித்துக்கொள்வதே அறிவியல் முறை.

இடத்தை அறிதல்

பத்து வயதுச் சிறுவன் பெயரில் பட்டா இராது. பஞ்ச காலத்தில் நிலம் தந்தையார் பெயரிலோ பெரியவர் ஒருவர் பெயரிலோ இருந்திருக்கும். ஆகவே அவரையும் சேர்த்துத் தேடவேண்டும்.

ரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வொரு உழவரிடமும் நேரடியாகத் தீர்வை வாங்கியது. அதனால் உழவரின் பெயர் அரசின் ஏட்டில் ஏறியது. 1858இல் சென்னை மாகாணத்தில் நில அளவைத் துறை அமைந்தபின், வயல்கள் சங்கிலியால் அளக்கப்பட்டு எண் பெற்றன. இந்தச் சங்கிலியின் நீளம் 66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். இதைத் தொடர்ந்து ஊர்தோறும் எழுதப்பட்ட செட்டில்மென்ட் பதிவேட்டில் வயலின் எண், நஞ்செய் அல்லது புஞ்செய், மண்ணின் வகை, தரம், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் ஆகியவற்றைக் காணலாம். மணற்பாங்கான புஞ்செய் என்றிருந்தால், மழையை நம்பிய பயிர் என்று ஊகிக்கலாம். மழை பொய்த்த 1876இல் அக்குடும்பம் பட்ட பாட்டை அந்த ஒரு வரி நமக்கு உணர்த்திவிடும்.

பழைய பத்திரங்களில் காணிக் கணக்கு வரும். ஒரு மனை 2,400 சதுர அடி. 24 மனை ஒரு காணி. அதாவது 57,600 சதுர அடி அல்லது 1.32 ஏக்கர். பத்திரத்தில் நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருப்பதால் அண்டை வயல்காரர் பெயர்களும் கிடைக்கும்.

பழவேற்காடு இன்று திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ளது. அம்மாவட்டம் 1997இல்தான் பிரிந்தது. ஆகவே சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் செங்கல்பட்டு ஜில்லா என்றே தேடவேண்டும். ஏரியின் வடபகுதி ஊர்களுக்கு நெல்லூர் ஜில்லாவைப் பார்க்கவேண்டும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் வரும். இருவரை ஒருவராகக் கருதிவிடக் கூடாது.

ஏட்டில் இல்லாதவர்கள்

தீர்வை கட்டியவர் பெயரே ஏட்டில் ஏறியது. அதே வயலில் நாற்று நட்ட பெண்களும், கூலியாட்களும், நிலமில்லா மீனவரும் அதில் இல்லை. ஏட்டில் இல்லை என்பதால் ஊரில் இல்லை என்றாகிவிடாது.

மீனவர் குடும்பங்களுக்கு வேறு சான்று உண்டு. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் 'பாடு' முறை வழங்கி வந்துள்ளது. இவ்வுரிமை யாருக்கு, எவ்வழியில் வந்தது என்ற ஊரார் நினைவே ஒரு வம்சாவளி. கிறித்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு உதவக்கூடும்.

பஞ்சத்துக்குப் பின் ஒருவர் பெயர் மறைந்தால், அவர் இறந்தார் என்று உடனே முடிவு செய்யவேண்டாம். கடல் கடந்தும் சென்றிருக்கலாம். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. அதன்பின் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளரின் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, ஊர் ஆகியன பதிவாகியுள்ளன.

மாணவர்கள் இவ்வேலையை எங்கே தொடங்குவது? காப்பகத்தில் அன்று, வீட்டில்தான். காகிதம் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும். பாட்டியின் நினைவு காத்திராது. ஒரு குறிப்பேட்டை எடுத்து, யார் சொன்னார், எந்நாளில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு ஏட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவரும் இடத்தில், பெயர் மட்டுமே எஞ்சிய ஒரு மனிதர் தம் வயலோடும் வயதோடும் உங்களுக்குத் தெரியத் தொடங்குவார்.