கண்ணில் தெறித்த நெல்

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் அறுவடைக் காலம். கதிரடிக்கும்போது ஒரு நெல் தெறித்துக் கண்ணில் படுகிறது. கசக்கிவிட்டு, தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடர்வதுதான் வழக்கம். பெரும்பாலும் ஓரிரு நாளில் உறுத்தல் போய்விடும். போகாமல் கண் சிவந்து, கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால், அது கருவிழிப் புண்ணாக இருக்கலாம்.

நெல் கீறியது கருவிழியின் மேலே உள்ள எபிதீலியத்தை. ஐந்தாறு அடுக்குச் செல்கள். மொத்தக் கனம் 0.05 மில்லிமீட்டர்தான். ஆனால் இடைவெளியில்லாமல் ஒட்டி நிற்பதால் கிருமிகள் எளிதில் நுழைய முடியாது. இரத்தக்குழாய் கிடையாது. மேலே உள்ள செல்கள் உதிர உதிர, கருவிழியின் ஓரத்திலிருந்து புதியவை வந்து சேரும்.

கண் மட்டுமல்ல, உடம்பின் வெளியும் உள்ளறைகளும் எபிதீலியம் என்ற இந்தத் திசுவால் போர்த்தப்பட்டவை. இடத்துக்கேற்ப வடிவம் மாறும். வரப்பில் நடக்கும் பாதத்தில் பல அடுக்காகி, மேலே கெரட்டின் என்னும் புரதம் ஏறிக் காய்த்துப்போகிறது. கதிரடிக்கும் தூசியை மூச்சுக்குழாயில் குறுஇழைச் செல்கள் சளியோடு மேலே தள்ளிவிடுகின்றன. குடித்த கஞ்சியின் சத்தைச் சிறுகுடலின் தூண் வடிவச் செல்கள் உறிஞ்சுகின்றன. சிறுநீரக நுண்குழல்களில் கனசதுரச் செல்கள். நுரையீரலின் காற்றறைகளிலோ, ஆக்சிஜன் சட்டென்று கடந்துபோக வசதியாக, ஒரே அடுக்குத் தட்டைச் செல்கள். சிறுநீர்ப்பை நிறைந்தால் அதன் எபிதீலியம் விரிந்துகொடுக்கும். வியர்வை சுரப்பதும் எபிதீலியச் செல்களே.

இந்தப் போர்வையில் கண்ணில் ஒரு கிழிசல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை மதுரை நன்றாகவே அறியும். 1993இல் மாவட்டத்தில் ஒரு லட்சம் பேருக்கு 113 பேர் என்ற கணக்கில் கருவிழிப் புண் வந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு வட்டாரத்தில் கிடைத்த கணக்கைப்போல் இது ஏறத்தாழ பத்து மடங்கு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், 1994 ஜனவரி முதல் மார்ச் வரை இந்தப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய மூவரில் இருவருக்கு முன்னதாகக் கண்ணில் அடிபட்டிருந்தது. பாதிக்கு மேல் விவசாய வேலை பார்ப்பவர்கள். கிருமிகளில் பாக்டீரியாவுக்குச் சமமாகப் பூஞ்சையும் இருந்தது. பூஞ்சைகளில் அதிகம் கிடைத்தது, மண்ணிலும் பயிரிலும் வாழும் ஃபியூசேரியம்.

அதனால்தான் கண்ணில் துரும்பு பட்டால் இலைச்சாறு, தாய்ப்பால் என்று எதையும் விட வேண்டாம், உடனே வாருங்கள் என்கிறார்கள் கண் மருத்துவர்கள். வந்தவரின் கண்ணில் ஃபுளோரசின் சாயத்தாளை மெல்லத் தொட்டு, நீல வெளிச்சத்தை அடிப்பார்கள். எபிதீலியம் முழுசாக இருக்கும் இடத்தில் சாயம் ஒட்டாது. நெல் கீறிய கோடு மட்டும் பச்சையாக மின்னும்.