பனி கொட்டிய பிறகு பணம்! இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் ஆண்டுதோறும் அமர்க்களம்

இங்கிலாந்தில் டிசம்பர் பிறந்தால் போதும். ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஆம்புலன்சுகள் வரிசை கட்டி நிற்கும். பனியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பாட்டி, நெஞ்சு சளி கட்டி மூச்சு இழுக்கும் தாத்தா... உள்ளே படுக்கை காலி கிடையாது. ஸ்டிரெச்சரோடு வராந்தாவில் கிடக்க வேண்டியதுதான்.

உடனே சர்க்கார் "குளிர்கால நிதி" அறிவிக்கும். இது அங்கே மாமூல்.

2014-15 குளிர்காலத்துக்கு 70 கோடி பவுண்டு கொடுத்தார்கள். 100 நோயாளி வந்தால் 95 பேரை 4 மணி நேரத்துக்குள் கவனித்து முடிக்க வேண்டும் என்பது விதி. முடிந்ததோ 92.6 தான். 2015 ஜனவரியில் பல ஆஸ்பத்திரிகள் "பெரும் அசம்பாவிதம்" என்று அறிவித்து விட்டன. ரெயில் கவிழ்ந்தால் அறிவிக்கிற நிலை அது!

நர்சு கடையிலா கிடைக்கும்?

2017-ல் இன்னும் மோசம். நவம்பர் 22-ந் தேதிதான் நிதி மந்திரி பிலிப் ஹாமண்ட் 35 கோடி பவுண்டு அறிவித்தார். குளிர் வீட்டுக்குள்ளேயே வந்தாச்சு. இனிமேல் போய் நர்சுக்கு எங்கே ஆள் தேடுவது? ஏஜென்சிக்காரர்களிடம் கூடுதல் கூலி கொடுத்துத்தான் ஆள் பிடிக்க வேண்டும்.

ஆறு வாரம்கூட நிம்மதி இல்லை. அவசரம் இல்லாத ஆபரேஷன்களை ஜனவரி கடைசி வரை தள்ளிப்போடும்படி 2018 ஜனவரி 2-ந் தேதி உத்தரவு வந்தது. பிரதமர் தெரசா மே நோயாளிகளிடம் மன்னிப்பு கேட்டார்.

பின் வாசலில் பூட்டு

பணம் கொடுத்தும் ஏன் இப்படி? நெரிசல் பஸ்சை நினைத்துப் பாருங்கள். முன் வாசலில் ஏறக் கூட்டம். பின் வாசலில் இறங்க வழி இல்லை. அப்புறம் கண்டக்டர் என்ன செய்வார்?

அங்கேயும் அதே கதைதான். உடம்பு தேறிய கிழவர்களுக்கு வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. முதியோர் இல்லத்தில் இடம் இல்லை. ஆஸ்பத்திரியை நடத்துவது தேசிய சுகாதார சேவை. முதியோர் பராமரிப்போ உள்ளூர் கவுன்சில் பொறுப்பு. இரண்டுக்கும் தனித்தனி கஜானா!

2023 ஜனவரியில் சர்க்காரே ஒப்புக்கொண்ட கணக்கு இது: வீட்டுக்குப் போகலாம் என்ற நிலையிலும் படுக்கையில் கிடந்தவர்கள் சுமார் 13 ஆயிரம் பேர்.

இவர்களை அனுப்பி வைக்க 2022 செப்டம்பரிலேயே 50 கோடி பவுண்டு அறிவித்தார்கள். டிசம்பரில்தான் அது கைக்கு வர ஆரம்பித்தது. போதவில்லை என்று 2023 ஜனவரி 9-ந் தேதி மேலும் 20 கோடி அறிவித்தார்கள், முதியோர் இல்லங்களில் இடம் பிடிக்க.

அதற்குள் அந்த ஒரு டிசம்பரில் மட்டும், "வார்டில் சேர்" என்று டாக்டர் சொல்லியும் படுக்கைக்காக 12 மணி நேரத்துக்கு மேல் காத்துக் கிடந்தவர்கள் 54 ஆயிரத்தைத் தாண்டி விட்டார்கள்.