மாடிப்படிக்குக் கீழே ஒரு டிரம்ஸ்

அத்தியாயம் 11

பீட்டில்ஸ் பெரிதா, லெட் ஸெப்பலின் பெரிதா, நிர்வாணா பெரிதா? இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து கடிதம் போடுகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். மீதிப் பேர் பதிலையும் அவர்களே எழுதிவிடுகிறார்கள். அந்தப் பதில் பெரும்பாலும் எழுதியவர் கல்லூரியில் படித்த வருடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். விற்பனைக் கணக்கை வைத்து ஒப்பிடலாம் என்றால், 1963-இல் இசைத்தட்டு வாங்கியவரையும் 2000-இல் சிடி வாங்கியவரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. குரல், கிடார் என்று இறங்கினால் அது ரசனைச் சண்டை. விடிய விடியப் போடலாம்.

எனக்கு ஒரு குறுக்குவழி உண்டு. மற்ற எல்லாவற்றையும் காதால் ஒதுக்கிவிட்டு டிரம்ஸை மட்டும் கேட்பேன். யார் கெட்டிக்காரர் என்று பார்க்க அல்ல. அந்த அடி எந்த மாதிரி அறையில் விழுகிறது, விழுந்தபின் எவ்வளவு நேரம் காற்றில் நிற்கிறது என்று பார்க்க. கோயில் பிராகாரத்தில் கேட்கிற தவிலும் கல்யாண மண்டபத்தில் மைக் வைத்துக் கேட்கிற தவிலும் ஒன்றா? வித்வான் அதே ஆள்தான்.

1963 பிப்ரவரி 11. லண்டனில் அபே ரோட்டில் உள்ள இஎம்ஐ ஸ்டுடியோ. பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தில் 14 பாட்டுகள். அதில் 10 அந்த ஒரே நாளில் பதிவானவை. ஜான் லெனனுக்குச் சளி. தொண்டையைக் கிழிக்கிற பாட்டைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். நாடாவில் இருந்தது இரண்டே தடம். வாத்தியங்கள் எல்லாம் ஒன்றில், குரல்கள் இன்னொன்றில். டிரம்ஸை மட்டும் பின்னால் தூக்கிவிட வழியில்லை. அதனால் ரிங்கோ ஸ்டார் பக்கத்து அறையில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் கேட்கும். பெரிய டிரம்முக்கு மிக அருகில் மைக் வைக்கக் கூடாது என்று ஸ்டுடியோவில் விதியே இருந்தது, மைக் கெட்டுவிடுமாம்.

1966-இல் ஜெஃப் எமெரிக் என்ற 20 வயது ஒலிப்பதிவாளர் அந்த விதியை மீறினார். மைக்கை டிரம்முக்கு நெருக்கமாக நகர்த்தி, உள்ளே ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்தார். நான்கு கழுத்து வைத்துப் பின்னிய ஸ்வெட்டர் அது. நால்வரும் சேர்ந்து போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றது. அதிர்வு செத்தது. 'டம்' என்று வந்த சத்தம் 'தப்' என்று நெஞ்சில் விழ ஆரம்பித்தது. பீட்டில்ஸின் பிற்காலத் தட்டுகளில் டிரம்ஸ் மேல் துண்டைப் போட்டு அமுக்குவது வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஐந்து வருடத்துக்குள் லெட் ஸெப்பலின் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது.

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பக்கம் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய வீடு. 1795-இல் ஏழை விடுதியாகக் கட்டியது. குளிர், ஈரம், ஒழுங்கான வசதி கிடையாது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வாசித்தார்கள். முன்கூடத்தில் மாடிப்படி சுற்றிச் சுற்றி மேலே போகும். கீழே ஜான் பான்ஹமின் டிரம்ஸ். மேல்தளத்துக் கைப்பிடியிலிருந்து ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டு மைக்கைத் தொங்கவிட்டார். அவ்வளவுதான். ஒவ்வொரு டிரம்முக்கும் தனி மைக் என்று எதுவும் இல்லை. அடி கீழே விழுந்து, சுவரில் மோதி, படியேறி மேலே வந்து மைக்கில் நுழைகிறது. அப்படிப் பதிவான பாட்டு, 1927-இல் மிஸிஸிப்பி ஆறு கரை உடைத்த வெள்ளத்தைப் பற்றி 1929-இல் வந்த பழைய ப்ளூஸ். 1971-இல் இவர்கள் அதை ஏழு நிமிடத்துக்கு இழுத்தபோது, அந்த வீடே ஒரு வாத்தியமாக உள்ளே வந்துவிட்டது. ஹெட்போனில் முதல் பத்து விநாடி மட்டும் கேளுங்கள். கூடத்தின் உயரம் தெரியும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. 1964 ஜூனில் உலகப் பயணம் கிளம்பும் நேரத்தில் ரிங்கோவுக்குத் தொண்டை அழற்சி. பீட்டில்ஸ் பயணத்தை நிறுத்தவில்லை. ஜிம்மி நிக்கல் என்பவரை உட்காரவைத்து டென்மார்க்கிலிருந்து ஆஸ்திரேலியா வரை நிகழ்ச்சிகளை முடித்தார்கள். கூட்டம் அலறியது, டிரம்ஸ் யாருக்குக் கேட்டது? 1980 செப்டம்பரில் பான்ஹம் இறந்தபோது லெட் ஸெப்பலின் ஆள் தேடவில்லை. டிசம்பரில் குழுவைக் கலைத்துவிட்டதாக அறிக்கை வந்தது.

எண்பதுகளை வேகமாகக் கடக்க விரும்புகிறேன், அந்த டிரம்ஸ் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. பெரிய எதிரொலியை எழுப்பி, அது மடிவதற்குள் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் வெட்டும் உத்தி அது. பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்துக்காக ஃபில் காலின்ஸ் வாசித்தபோது, கலைஞர்கள் பேசுவதைக் கேட்பதற்கென்று வைத்த மைக் வழியாகத் தற்செயலாக அகப்பட்டது. அப்புறம் பத்து வருடம் யாரும் விடவில்லை. ஆனால் அந்தத் தசாப்தத்தில் எனக்கு மதிப்புள்ள ஒருவர் டெஃப் லெப்பர்ட் குழுவின் ரிக் ஆலன். 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கை போயிற்று. குழு அவரை மாற்றவில்லை. இடது கை செய்த வேலையைக் கால்மிதிகளுக்கு மாற்றி, மின்னணு டிரம்ஸ் ஒன்றைச் செய்யவைத்து, 1987-இல் அடுத்த ஆல்பத்தை வெளியிட்டார்கள். இயந்திரத்தைக் குறை சொல்கிற என் வாய் அங்கே அடைத்துப் போகிறது.

1991 மே மாதம் நிர்வாணா லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் சவுண்ட் சிட்டிக்குப் போனது. அழுக்கான, அழகில்லாத ஸ்டுடியோ. ஆனால் டிரம்ஸுக்குப் பேர்போன பெரிய அறை. டேவ் குரோல் அடித்த அடியில் மறுபடி அறை கேட்டது. 1992 ஜனவரியில், அங்கே பதிவான ஆல்பம் மைக்கேல் ஜாக்சனை இறக்கிவிட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு ஏறியது. இயந்திரம் தோற்றது, மனிதன் ஜெயித்தான் என்று பலர் எழுதினார்கள். முழுக்க உண்மையில்லை. ஒரு பாட்டில் வேகம் ஓடிக்கொண்டே போனதால், தயாரிப்பாளர் புட்ச் விக் குரோலின் காதில் 'டிக் டிக்' என்று எண்ணும் கருவியை மாட்டிவிட்டுத்தான் பதிவு செய்தார். அந்த ஆல்பம் ரொம்பப் பளபளப்பாகிவிட்டது என்று குழுவின் பாடகர் கர்ட் கோபெய்னே பிறகு அலுத்துக்கொண்டார். அடுத்ததற்கு 1993-இல் மினசோட்டாவில் ஸ்டீவ் ஆல்பினியிடம் போனார்கள். விற்பனையில் பங்கு வேண்டாம், வேலைக்குக் கூலி போதும் என்று சொன்ன மனிதர் அவர். குழாய் ரிப்பேர் செய்பவர் மாதிரி. மைக்குகளை அறையெங்கும் வைத்து, உள்ளது உள்ளபடி பிடித்தார்.

2000-இல் ரேடியோஹெட் குழுவிடம் வந்தபோது அறையே காணாமல் போயிருந்தது. அந்த வருட ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு டிரம்ஸ் முழுக்க இயந்திரத்திலிருந்து வருகிறது. மேலே தவழும் ஸ்வரங்கள் பால் லான்ஸ்கி 1973-இல் ஐபிஎம் கணினியை வைத்துச் செய்த ஒரு படைப்பிலிருந்து எடுத்த துண்டு. குழுவில் ஃபில் செல்வே என்று அருமையான டிரம்மர் இருக்கிறார், ஆனால் அந்தத் தாளம் அவர் கையிலிருந்து வரவில்லை. மேடையில் அந்தப் பாட்டு வரும்போது கவனித்தால் தெரியும்: இயந்திரம் ஒரு பக்கம் அடிக்க, பின்னால் செல்வே குனிந்த தலை நிமிராமல் கூடவே வாசித்துக்கொண்டிருப்பார்.

(தொடரும்)