சிட்னியின் ஞாயிற்றுக்கிழமைப் படகுகள்

ஆஸ்திரேலியாவின் பெருநகரமாகிய சிட்னியின் நடுவே கடல் புகுந்து கிடக்கிறது. பசிபிக் பெருங்கடலின் நீர், செங்குத்தான இரு பாறைமுனைகளுக்கு இடையே உள்நுழைந்து, விரித்த கைவிரல்கள்போலப் பல கிளைகளாகப் பிரிந்து, நகரை வடகரை, தென்கரை என இரண்டாக்குகிறது. ஆதலால் இந்நகர மக்களுக்கு ஊருக்குள் செல்வதென்பதே பல வேளைகளில் நீரைக் கடப்பதாக இருந்துவந்துள்ளது. 1788இல் ஆங்கிலேயர் குடியேறியபோது, இங்கு வாழ்ந்த தொல்குடிப் பெண்கள் மரப்பட்டைத் தோணிகளில் சென்று தூண்டிலிட்டு மீன்பிடிப்பதைக் கண்டு எழுதிவைத்துள்ளனர். குழந்தைகளும் உடன் இருந்தனர். தோணியிலேயே சிறு தீ மூட்டி மீனைச் சுட்டு உண்டனர். குடும்பத்தோடு படகில் சென்று பொழுதைக் கழிக்கும் வழக்கம் அவ்வூருக்குப் புதிதன்று எனலாம்.

குடியேற்றக் காலத்தில் ஓடம் செலுத்திப் புகழ்பெற்றவர் பில்லி புளூ. சர்க்கரை திருடிய குற்றத்திற்காக நாடுகடத்தப்பட்டு 1801இல் சிட்னிக்கு வந்த கறுப்பினத்தவர் இவர். தண்டனைக் காலம் முடிந்தபின் இருகரைக்கும் இடையே படகோட்டிப் பிழைத்தார். முதுமையில், ஏறிய பயணிகளையே துடுப்பு வலிக்கச் சொல்லிவிட்டுத் தாம் கதை பேசிக்கொண்டு வருவார் என்பர். வடகரையில் உள்ள ஒரு நிலமுனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

துடுப்புப் படகுகளுக்குப் பின் நீராவிப் படகுகள் வந்தன. 1850களில் ஹென்றி கில்பர்ட் சுமித் என்னும் வணிகர், துறைமுக வாயிலை அடுத்த மேன்லி என்னும் கடற்கரையை நகரத்தார் இளைப்பாறும் இடமாக்க எண்ணி, அங்கே படகுத்துறை ஒன்றைக் கட்டினார். 1916இல் தாரோங்கா விலங்கியல் பூங்கா வடகரையில் திறக்கப்பட்டது. பழைய பூங்காவில் இருந்த ஜெஸ்ஸி என்னும் யானையைத் தெருக்களின் வழியே நடத்திவந்து, படகில் ஏற்றித்தான் அக்கரை சேர்த்தனர். அன்றுமுதல் பல்லாண்டுகள் சிட்னிக் குழந்தைகளும் யானை பார்க்க அதே நீரைக் கடந்துவந்தனர்.

1932இல் துறைமுகப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஏறத்தாழ 4 கோடியே 70 இலட்சமாக இருந்த படகுப் பயணங்களின் எண்ணிக்கை, பாலம் வந்தபின் 1 கோடியே 50 இலட்சம் அளவிற்குச் சரிந்தது. பாலம் வந்தால் ஓடத்துறை மறைவது உலகியல்பு. சிட்னியில் அது முற்றிலும் நிகழவில்லை. மேன்லிக்குச் செல்லும் சாலை வளைந்து நீண்டது; நீர்வழியோ ஏறத்தாழ 11 கிலோமீட்டர் மட்டுமே என்பது ஒரு காரணம். அலுவலகம் செல்வோர் குறைந்தபோதும், விடுமுறை நாளில் பிள்ளைகளோடும் உணவுக்கூடையோடும் வந்து நின்ற குடும்பங்கள் குறையவில்லை என்பது மற்றொன்று. எனினும் தனியார் நிறுவனங்களால் தாக்குப்பிடிக்க இயலவில்லை. துறைமுகத்தின் உட்பகுதிப் படகுகளை 1951இலும், மேன்லிப் படகுகளை 1974இலும் மாநில அரசு ஏற்றுக்கொண்டது.

இன்று பயணம் தொடங்கும் இடம் சர்க்குலர் கீ என்னும் துறையாகும். தொடர்வண்டியிலிருந்து இறங்கிச் சில அடிகள் நடந்தாலே படகு. துறையை விட்டு அகன்றதும் ஒருபுறம் பாலமும் மறுபுறம் ஓபரா மாளிகையும் தோன்றும். தாரோங்காவிற்கு ஏறத்தாழ 12 நிமிடமும் மேன்லிக்கு 30 நிமிடமும் ஆகும். மேன்லிப் படகு பாறைமுனைகளுக்கு நேரே வரும்போது பெருங்கடலின் அலை பக்கவாட்டில் வந்து மோதும். முன்தளத்தில் நின்ற சிறுவர்கள் நனைந்து கூச்சலிடுவர். கடல் மிகவும் கொந்தளித்தால் சேவை நிறுத்தப்படும். மேற்கே பரமட்டா நோக்கிச் செல்லும் ஆற்றுவழி இதற்கு நேர்மாறானது. கரையோர அலையாத்தி மரங்கள் அரிக்கப்படாதவாறு, அலை அதிகம் எழுப்பாத தாழ்ந்த இரட்டையுடற் படகுகள் அங்கே செல்கின்றன. நீர் வற்றும் வேளைகளில் கடைசிப் பகுதிக்குப் பேருந்துதான். அவ்வழியில் உள்ள காக்கட்டூ தீவு, கைதிகளின் சிறையாகவும் கப்பல் கட்டும் தளமாகவும் இருந்து, 2010இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று.

இத்துறைமுகத்தின் கரையோர வீடுகள் அந்நாட்டிலேயே விலையுயர்ந்தவற்றுள் சேரும். அவ்வீடுகளின் சாளரத்திலிருந்து தெரியும் அதே கடலைப் படகில் ஏறியவர் எவரும் காணலாம். உழைக்கும் மக்கள் பெரும்பாலும் வாழ்வது நீரிலிருந்து விலகிய மேற்குப் புறநகர்களில். வென்ட்வொர்த்வில், தூங்காபி முதலிய அப்பகுதிகளில் ஈழத்தமிழ்க் குடும்பங்களும் பல உள்ளன. அவர்களுக்குக் கடல் கிட்டுவதும் கிட்டாததும் பயணச்சீட்டின் விலையைப் பொறுத்தது. சில ஆண்டுகள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் 2.50 டாலர் செலுத்தினால் நாள் முழுவதும் தொடர்வண்டி, பேருந்து, படகு மூன்றிலும் செல்லலாம் என்னும் ஏற்பாடு இருந்தது. அந்நாள்களில் துறையில் நீண்ட வரிசைகள் நின்றன. பின்னர் அவ்வரம்பு பன்மடங்கு உயர்த்தப்பட்டது. கருவூலத்தின் கணக்கில் அது சிறு திருத்தம். இரு பிள்ளைகளோடு புறப்படும் பெற்றோரின் கணக்கில் அவ்வாறன்று.

கட்டணத்தைப் போலவே படகின் அளவும் வழக்குக்குரியதாயிற்று. மேன்லி வழியில் 1980கள் முதல் ஓடும் பெரும்படகுகள் 70 மீட்டர் நீளமுடையவை; ஒவ்வொன்றும் 1,100 பேர்வரை ஏற்றவல்லது. இரு முனைகளும் ஒன்றுபோலவே அமைந்திருப்பதால் துறையில் திரும்பவேண்டிய தேவையில்லை. ஏறத்தாழ 400 பேர் கொள்ளும் சிறுபடகுகளைக் கொண்டு இவற்றை மாற்ற அரசு முடிவுசெய்தது. சிறுபடகுகளை இயக்கச் செலவு குறைவு, அடிக்கடியும் இயக்கலாம். வேலைநாள் பயணத்திற்கு இவ்வாதம் பொருந்தும். ஆனால் வெயில் காயும் ஞாயிறன்று, தள்ளுவண்டியில் கைக்குழந்தையும் கையில் மணல்வாளியுமாகக் கூட்டம் ஒரே நேரத்தில் திரளும்போது, திறந்த தளமும் பரந்த இடமும் உடைய பெரும்படகே தேவைப்படுகிறது. மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதன்பின் பெரும்படகுகள் சில மேன்லி வழியிலேயே தக்கவைக்கப்பட்டன.