இண்டஸ் க்ரீட்: 17 ஆண்டுகள் கழித்து வந்த ஆல்பம்

மும்பையின் இண்டஸ் க்ரீட் ராக் குழு 2012-இல் 'இவால்வ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆல்பம் வந்தது 1995-இல். இடையில் குழு கலைந்தது, உறுப்பினர்கள் திசைக்கொருவராகப் போனார்கள், பாட்டு கேசட்டிலிருந்து குறுந்தகட்டுக்கும் பிறகு இணையத்துக்கும் நகர்ந்தது. பிரிந்த குழு மறுபடி கூடிப் பழைய பாடல்களை வாசிப்பது எங்கும் நடப்பதுதான். கூடியபின் புதிய பாடல்களை எழுதி முழு ஆல்பமாகக் கொடுப்பது அரிது, இந்திய ராக் இசையில் இன்னும் அரிது.

இந்தக் குழு 1984-இல் பம்பாயில் 'ராக் மெஷின்' என்ற பெயரில் தொடங்கியது. மகேஷ் தினைகர், ஜயேஷ் காந்தி கிதாரும் மார்க் செல்வின் பேஸ் கிதாரும் வாசித்தனர். பாடகர் உதய் பெனகலும் கீபோர்டு வாசிக்கும் ஜூபின் பாலபோரியாவும் சேர்ந்த பிறகு குழுவின் அடையாளம் உறுதியானது. அன்றைய பம்பாயில் ராக் குழு என்றால் டீப் பர்ப்பிள், லெட் செப்பலின் பாடல்களை அச்சு அசலாக வாசிக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. இவற்றைக் 'கவர்' என்பார்கள். சொந்தப் பாட்டு 'ஒரிஜினல்'. கல்லூரி விழாவில் ஒரிஜினலைத் தொடங்கினால் கூட்டம் கலையக்கூடும் என்ற அச்சம் குழுக்களுக்கு இருந்தது. அந்தச் சூழலில் ராக் மெஷின் 1988-இல் 'ராக் அண்ட் ரோல் ரெனகேட்', 1990-இல் 'தி செகண்ட் கமிங்' என்று சொந்தப் பாடல்களாலான இரண்டு ஆல்பங்களைக் கொண்டுவந்தது. குழுவின் மிகப் பெரிய சாதனை இந்தத் துணிவுதான். பிறகு வந்த விருதுகள் அதற்கு அடுத்தவையே.

அந்த நாட்களில் நகரின் ராக் இசைக்கு இருந்த முக்கிய மேடை தோபி தலாவ் ரங் பவன். செம்பூரிலிருந்து ஹார்பர் ரயிலிலோ, மாட்டுங்கா, தாணேயிலிருந்து சென்ட்ரல் ரயிலிலோ வந்து வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். திறந்தவெளி அரங்கு. 1986-இல் ஃபர்ஹாத் வாடியா தொடங்கிய 'இண்டிபெண்டன்ஸ் ராக்' விழா அங்கே வளர்ந்தது.

1990-களின் தொடக்கத்தில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்ததும் குழுவின் எல்லை விரிந்தது. எம்டிவி ஆசியா அலைவரிசையில் இந்தியக் குழு ஒன்றின் காணொளி மேற்கத்தியப் பாடல்களுக்கு நடுவே ஓடியது. 1993-இல் பெயர் இண்டஸ் க்ரீட் என்று மாறியது. எந்த ஊர்க் குழுவுக்கும் பொருந்தக்கூடிய பழைய பெயருக்குப் பதிலாக, சிந்து நதியைச் சுமந்த பெயர் வந்தது. அதே ஆண்டு 'ப்ரெட்டி சைல்ட்' பாடலின் காணொளி, எம்டிவி வீடியோ விருதுகளில் ஆசிய நேயர்களின் தேர்வாக வென்றது. குழுவின் பெயரையே தாங்கிய 1995 ஆல்பத்தில் இந்திய ஓசைகளும் கலந்தன.

இரண்டே ஆண்டுகளில், 1997-இல், குழு நின்றது. திறமை வற்றிப்போனதால் அல்ல. இசைத் தொழில் மாறியதுதான் காரணம் என்பதை அந்த ஆண்டுகளின் நிகழ்வுகளே காட்டுகின்றன. இசை அலைவரிசைகள் இந்திப் பாட்டுக்கும் திரைப்பாட்டுக்கும் திரும்பின. கேசட் நிறுவனங்கள் இண்டி பாப் (திரை சாராத இந்தி பாப்) பாடகர்கள் பின்னால் போயின. ஆங்கிலத்தில் எழுதிப் பாடும் குழு அதை மட்டுமே நம்பிப் பிழைக்க வழியில்லாமல் போனது. உதய் பெனகலும் ஜயேஷ் காந்தியும் நியூயார்க் சென்று 'ஆம்ஸ் ஃபார் சாந்தி' என்ற குழுவை நடத்தினர். மும்பையிலோ மருத்துவமனைகளும் கல்லூரியும் சூழ்ந்த ரங் பவன், அமைதி மண்டல விதிகளின்கீழ் 2000-களின் முற்பகுதியில் கச்சேரிகளை இழந்தது. ஒரு தலைமுறையின் மேடை அது. இந்நகரின் இசைக்கு நேர்ந்த பேரிழப்புகளில் அதையும் சேர்க்க வேண்டும்.

மீட்சிக்கான தளம் மெல்ல உருவானது. 2007 இறுதியில் லோயர் பரேல் மில் வளாகத்தில் 'புளூ ஃப்ராக்' அரங்கு திறந்தது. அங்கே குழுக்களிடம் ஒரிஜினல்களையே எதிர்பார்த்தார்கள். 2008-இல் 'ரோலிங் ஸ்டோன்' இதழின் இந்தியப் பதிப்பும் 'ராக் ஆன்' திரைப்படமும் வந்தன. பிரிந்துபோன மும்பை ராக் குழு ஒன்று மறுபடி சேரும் கதை அந்தப் படம். 2010-இல் புனேயில் 'என்எச்7 வீக்எண்டர்' விழா தொடங்கியது. ராக் கேட்கும் கூட்டம் டிக்கெட் வாங்கும் கூட்டமாகவும் ஆகியிருந்தது.

அதே 2010-இல் இண்டஸ் க்ரீட் திரும்பியது. இந்தியா திரும்பிய உதய் பெனகல் ஏற்கெனவே மகேஷ் தினைகருடன் 'வேர்லிங் கலாபாஸ்' என்ற அகௌஸ்டிக் குழுவில் பாடிவந்தார். பழையவர்களில் அவர்கள் இருவரும் ஜூபின் பாலபோரியாவும் தொடர, பேஸ் கிதாருக்கு ருஷாத் மிஸ்திரியும் டிரம்ஸுக்கு ஜெய் ராவ் கவியும் வந்தனர். புதியவர்கள் இருவரும் அடுத்த தலைமுறை. தாளம் அவர்கள் கைக்குப் போனதும் குழுவின் நடையே மாறியது.

'இவால்வ்' ஆல்பத்தில் அது தெளிவாகக் கேட்கிறது. 1980-களின் ராக் மெஷினில் மேடையைக் கிளப்பும் வேகமும் கூட்டம் சேர்ந்து பாடும் பல்லவியும் முன்னே நின்றன. இங்கே பாடல்கள் நீள்கின்றன, மெதுவாகத் திறக்கின்றன, கீபோர்டும் கிதாரும் அடுக்கடுக்காக ஏறுகின்றன, குரலில் நடுவயதின் கனம் இருக்கிறது. 'ஃபயர்ஃப்ளைஸ்' பாடலிலேயே இந்த மாற்றத்தை உணரலாம். மிக்சிங் செய்தவர் டிம் பாமர். பேர்ல் ஜாம் குழுவின் 1991 ஆல்பமான 'டென்'னுக்கு மிக்சிங் செய்தவர். ராக் பதிவில் ஒவ்வொரு கருவியும் குரலும் தனித்தனி டிராக்காகப் பதிவாகும். எது முன்னால் வர வேண்டும், எது அடங்க வேண்டும், எங்கே வெளி விட வேண்டும் என்று தீர்மானித்து அவற்றை ஒன்றாக்குவதே மிக்சிங். 1988-இன் இந்திய ஸ்டுடியோக்களில் ராக் ஒலியைக் கையாளத் தெரிந்தவர்களே குறைவு. அதனால் முதல் ஆல்பங்களின் ஒலி குழுவின் மேடை வலிமையை எட்டவில்லை. 'இவால்வ்' அந்தக் குறையை நீக்கிய பதிவு.

உலகக் குழுக்களோடு ஒப்பிட்டால் இந்த முயற்சியின் மதிப்பு புரியும். 1976-இல் கலைந்த டீப் பர்ப்பிள் 1984-இல் கூடி, அதே ஆண்டு 'பர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' ஆல்பத்தைத் தந்தது. 1994-இல் மறுபடி கூடிய ஈகிள்ஸ், முழுப் புதிய ஆல்பம் தர 2007 வரை எடுத்துக்கொண்டது. அதுவரை கச்சேரிகளுக்குப் பழைய பாடல்களே போதுமாயிருந்தன. இண்டஸ் க்ரீடுக்கும் 'டாப் ஆஃப் த ராக்' போன்ற பழைய பாடல்களைக் கேட்க ரசிகர்கள் இருந்தார்கள். அந்தப் பாடல்களோடு நிறுத்திக்கொள்ளாமல் கூடிய இரண்டே ஆண்டுகளில் அது புதிய ஆல்பத்தைத் தந்தது.

ஆல்பத்தின் வீச்சு பெருநகர ரசிகர்களோடு பெரும்பாலும் நின்றது. ஆங்கிலப் பாடல் என்பது ஒரு வரம்பு. திரைப்பாட்டின் ஆதிக்கம் இன்னொன்று. மும்பையின் சொந்தப் பாட்டு அடுத்துப் பரவியது ராப் வழியே, நகரின் மொழிகளில். 2018-இல் தாராவியின் 'டோப்அடெலிக்ஸ்' குழு சந்தோஷ் நாராயணன் இசையில் 'காலா' படத்துக்குப் பாடியது.